எட்டு வரிச் செய்தி, எட்டுப் பக்கக் கதை, ஒன்பது நிமிஷப் படம்

எழுத ஆசைப்படுகிறவர்களைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்விகள் மூன்றே மூன்றுதான்.

"பத்திரிகையில வேலையா? அப்ப வண்டியில பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்ல?" இது முதல் கேள்வி. "கதை எழுதுறியா? அதுக்கு எவ்வளவு தருவாங்க?" இது இரண்டாவது. "சினிமாவுக்கு எப்ப எழுதப் போறே?" இது மூன்றாவது.

சேர்த்துப் பார்த்தால் ஊர் மனசில் ஓர் ஏணி இருப்பது தெரியும். கீழ்ப்படியில் செய்தி, நடுப்படியில் கதை, உச்சியில் சினிமா. இலக்கியக் கூட்டங்களுக்குப் போனால் அங்கே ஏணியை வேறு மாதிரி சாத்தி வைத்திருப்பார்கள். கதையும் கவிதையும் உச்சியில் இருக்கும். சினிமா கொஞ்சம் கீழே. செய்திக்கு அந்த ஏணியில் படியே கிடையாது.

நான் இந்த மூன்றிலும் கால் நனைத்தவள். வயது 28. கரிசல் பூமியில் ஒரு தாலுகா ஊர். அங்கே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். அப்பா தையல்காரர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கடை. அப்பா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பது அம்மா. இதுவரை நான்கு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஒரு குறும்படத்துக்குக் கதை கொடுத்திருக்கிறேன். 'எழுத்தாளர்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆனால், ஒரே விஷயம் செய்தியாகவும் கதையாகவும் படமாகவும் ஆவதைக் கிட்டத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைச் சொன்னால், என்னைப் போல ஆசையோடு இருக்கிற யாருக்காவது உதவலாம்.

ராத்திரி பஸ்

எங்கள் ஊரிலிருந்து 11 கிலோமீட்டரில் ஒரு கிராமம். அங்கே போகும் கடைசி டவுன் பஸ் இரவு 8.45 மணிக்கு. ஒரு நாள் அது நின்றுபோனது. கேட்டதற்கு, ஆள் பற்றாக்குறை என்றார்கள். அதற்கு முந்தைய பஸ் மாலை 6.30க்கே கிளம்பிவிடும்.

பஸ் நின்றால் என்ன ஆகும்? ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வெளியே வரவே எட்டரை ஆகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஷேர் ஆட்டோவிலோ ஆளுக்கு 50 ரூபாய். அன்றாடச் சம்பளத்தில் அது பெரிய பள்ளம். நான்கு ஆள் சேராவிட்டால் ஆட்டோவும் நகராது.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்கும் அக்கா ஒருவர் உண்டு. அவரும் அந்தக் கிராமம்தான். அப்பா கடைக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாள் கூடையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "மல்லி யாவாரமே ஏழுல இருந்து எட்டரை வரைக்கும்தான் தாயி. கோயிலுக்குப் போறவுக, வேலை விட்டுப் போறவுக எல்லாம் அப்பதான வாங்குவாக. ஆறரை பஸ்ஸுக்கு ஓடுனா பாதிப் பூவு கூடையிலேயே கெடக்கு. மறுநா அத யாரு தொடுவா?"

ஊர்க்காரர்கள் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான் ஜவுளிக்கடைப் பெண்களிடம் பேசினேன். ஆட்டோக்காரர்களிடம் பேசினேன். பஸ் விடுகிற அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடமும் ஒரு பதில் வாங்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில், ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, எட்டே வரியில் வந்திருந்தது. என் பெயர் இல்லை. பூக்கார அக்கா இல்லை. மல்லிகை இல்லை. பஸ் நம்பர், நேரம், எந்த மாதத்திலிருந்து ஓடவில்லை, யார் யாருக்குச் சிரமம், அதிகாரி சொன்ன பதில். அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் அந்த எட்டு வரியை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, அடுத்த மனுவோடு இணைத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பஸ் திரும்பி வந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டு இரண்டு முழம் பூ கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நான் இதுவரை வாங்கிய பெரிய விருது அதுதான்.

அந்த எட்டு வரியைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். டெஸ்க்கில் இருந்த துணை ஆசிரியர் சரியான இடங்களில் கத்தரித்திருந்தார். மிச்சம் இருந்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய வரி. பஸ் நம்பர் இருப்பதால் 'எந்த பஸ்?' என்று கேட்க முடியாது. மாதம் இருப்பதால் 'நேற்றுதானே நின்றது' என்று சொல்ல முடியாது. என் நாற்பது வரியைப் படித்திருந்தால் அந்த அதிகாரி 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்திருக்கக்கூடும். எட்டு வரி அவரைப் பதில் சொல்ல வைத்தது. செய்தியின் வேலை அதுதான் என்று புரிந்துகொண்டேன்.

டார்ச் வெளிச்சம்

மீதி முப்பத்திரண்டு வரி என் நோட்டிலேயே கிடந்தது. அதில் ஒரு வரி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

பஸ் இல்லாத மாதங்களில் அக்கா ஆட்டோவில் போய் மெயின் ரோட்டில் இறங்குவார். ஆட்டோ ஊருக்குள் போகாது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். அவருடைய மகள், பன்னிரண்டு வயசு, ஒரு சார்ஜ் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டு முக்கில் வந்து நிற்பாளாம். இதை அக்கா பூ கட்டிக்கொண்டே, வேறு எதையோ சொல்லும்போது இடையில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால், ரோட்டு முக்கில் நிற்கும் அவளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் அவள் என்ன நினைப்பாள்? நிற்காமல் போகும் ஆட்டோவின் சிவப்பு விளக்கைப் பார்க்கும்போது? இதை எந்தச் செய்தியில் எழுதுவது? யாரைப் பதில் சொல்லச் சொல்வது?

அக்காவிடம் கேட்டேன், "இதை வச்சு ஒரு கதை எழுதட்டுமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "எம் பேரு போடாத. ஊரு பேரு போடாத. பூவு மட்டும் மல்லியாவே இருக்கட்டும்" என்றார்.

மூன்று மாதம் எழுதினேன். எட்டுப் பக்கம் வந்தது. கதை முழுக்க அந்தப் பிள்ளையும் இருட்டும்தான். நிஜத்தில் பஸ் திரும்பி வந்தது. கதையில் வராது. ஒரு சிற்றிதழில் அது வெளியானது. சில நூறு பேர் படிக்கிற பத்திரிகை. ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மோர் விற்கப் போன தன் அம்மாவுக்காகச் சின்ன வயசில் ஆற்றங்கரையில் காத்திருந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவரையும் நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனாலும் "நீயே வாசி" என்றார். பூ வாங்க வந்தவர்களுக்கு நடுவே வாசித்துக் காட்டினேன். கதையில் ஓர் இடம். அந்தப் பிள்ளை டார்ச்சைத் தொடர்ந்து எரிய விடமாட்டாள். சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று அணைத்து அணைத்துப் போடுவாள். அம்மா வந்த பிறகு நடப்பதற்கு வெளிச்சம் வேண்டுமே! அணைத்திருக்கும் நேரம் முழுக்க இருட்டில் நிற்பாள்.

அந்த இடம் வந்ததும் அக்காவின் கை பூ கட்டுவதை நிறுத்தியது. "இது உனக்கு யாரு சொன்னா? அவ அப்படித்தான் பண்ணுவா. நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்தப் பிள்ளையோடு மனசுக்குள் நின்றதில் எனக்குக் கிடைத்தது அது. செய்தியில் இதை எழுத எனக்கு உரிமையே கிடையாது. சொன்னதைத்தான் எழுத வேண்டும், பார்த்ததைத்தான் எழுத வேண்டும். ஆனால், யாரும் சொல்லாத உண்மை ஒன்று இருக்கிறது. அதற்குப் போகிற வழி கற்பனை. 'கதைன்னா பொய்தானே?' என்று யாராவது கேட்டால், பூ கட்டாமல் நின்ற அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளை வேட்டியில் ஒரு படம்

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் சென்னை சாலிகிராமத்தில் உதவி இயக்குநர். ஆறு வருஷமாக நான்கு படங்களில் வேலை பார்த்தவன். கதையைப் படித்துவிட்டு போன் பண்ணினான். "குறும்படமா எடுக்கட்டுமா?" கையில் இருந்த சேமிப்போடு, இரண்டு நண்பர்களையும் ஒரு கேமராவையும் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு ராத்திரி ஷூட்டிங்.

சினிமா என்றால் என்ன என்று அந்த இரண்டு ராத்திரியில் பார்த்தேன். கதையில் 'இருட்டு' என்று ஒரு வார்த்தை எழுதினால் இருட்டிவிடும். படத்தில் இருட்டைக் காட்ட விளக்கு வேண்டும். விளக்குக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரின் இரைச்சல் கேட்காமல் இருக்க அதைத் தூரத்தில் வைக்க வேண்டும். அதற்கு நீளமான வயர் வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த ஒரு வார்த்தை.

பஸ்ஸை வாடகைக்கு எடுக்கக் காசில்லை. ஆட்டோவும் ஒன்றுதான் கிடைத்தது. ஊர்க்காரர் ஒருவரின் குட்டி யானை வண்டியை ரோட்டில் முன்னும் பின்னும் ஓட்டி, அதன் ஹெட்லைட் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழுந்து நகர்வதை மட்டும் எடுத்தான். வண்டியே தெரியாது. வெளிச்சம் வரும், முகம் மலரும், வெளிச்சம் போகும், முகம் பழையபடி ஆகும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்த நினைப்பெல்லாம் அந்த நான்கு விநாடியில் வந்துவிட்டது. காசு இல்லாததால் கிடைத்த காட்சி அது.

நான் ரசித்து எழுதிய மல்லிகை வாசம் படத்தில் வரவில்லை. திரையில் வாசத்தை எப்படிக் காட்டுவது? "அந்த இடத்தை மட்டும் நீ கதையிலேயே வச்சுக்கோ" என்று சிரித்தான்.

ஒன்பது நிமிஷப் படம். முதன்முதலில் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில்தான் காட்டினோம். வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து. செய்தியைப் படித்தவர்கள் அந்த ஊரில் இருபது பேர் இருக்கலாம். கதையைப் படித்தவர் யாரும் இல்லை. படத்தைப் பார்க்க ஊரே வந்தது. தங்கள் ரோட்டு முக்கைத் திரையில் பார்த்ததும் ஒரே ஆரவாரம். "ஏய், நம்ம வேப்பமரம்!" பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. முடிந்தபோது, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுந்து, "நம்ம பிள்ளைங்க இப்படித்தான் வந்துச்சா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து கதை படிக்கிற ஒருவருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றலாம். ஆனால், ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் அதைக் கேட்க, எல்லோரும் ஒரே திசையில் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. அது சினிமாவால் முடிகிறது.

முன்னால் நடந்தவர்கள்

இதற்குப் பிறகுதான் நம் எழுத்தாளர்களின் வாழ்க்கையை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். தமிழில் இந்த மூன்றும் தனித்தனி வீடுகளாக இருந்ததே இல்லை. ஒரே வீட்டின் மூன்று அறைகள்.

பாரதியார் 1904ல் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியர். ஆங்கிலத்தில் வருகிற செய்திகளைத் தமிழாக்குவது அன்றாட வேலை. உலகத்தில் நடப்பதையெல்லாம் தமிழில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் தினமும் தலைமேல் நின்றது. அவர் உரைநடையின் வேகத்துக்கு அந்த மேஜையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். பிறகு 'இந்தியா' வார இதழில் கார்ட்டூன்களையும் கொண்டுவந்தார்.

1939ல் கல்கி 'தியாக பூமி'யை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோதே கே.சுப்ரமண்யம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்கள் வந்தன. எழுத்தும் சினிமாவும் பத்திரிகையும் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில்! பிறகு அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது என்பது அதன் பலத்துக்குச் சாட்சி.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அங்கே அவர் வேலைகளில் ஒன்று, நாளிதழ்களிலிருந்து துண்டுகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா உட்கார்ந்து பேப்பர் கிழிக்கிற வேலையாகத் தெரியும். அந்த மேஜையிலிருந்து அவர் பார்த்த சினிமா உலகம்தான் 'கரைந்த நிழல்கள்' நாவலாக வந்தது.

இயக்குநர் மகேந்திரன் 'துக்ளக்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 'முள்ளும் மலரும்' உமாசந்திரனின் நாவல். 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது. அந்தப் படம் வந்தது 1979ல்.

புதுமைப்பித்தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் மனசு கொஞ்சம் கனக்கும். 'தினமணி'யில் உதவி ஆசிரியராக இருந்தவர். பிறகு சினிமாவுக்குப் போனார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றியது. 1948ல் அவர் இறந்தபோது வயது 42. அவர் போய் 31 வருஷம் கழித்துத்தான் 'உதிரிப்பூக்கள்'. எழுதி வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவர் புனேயிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களே போதும். 'எழுத்து சோறு போடுமா?' என்று அப்பா கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அது நியாயமான கேள்வி.

எங்கள் கரிசலில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. இடைசெவலில் பிறந்த கு.அழகிரிசாமி சிறுகதையில் எவ்வளவு பெரியவரோ, பத்திரிகை வேலையிலும் அவ்வளவு உழைத்தவர். மலேசியா வரை போய் 'தமிழ் நேசன்' இதழில் இருந்தவர். அதே ஊர் கி.ராஜநாராயணனின் 'கிடை', 'ஒருத்தி' என்ற படமானது. பூமணியின் 'வெக்கை', 'அசுரன்' ஆனது. அதற்குப் பல வருஷம் முன்பே பூமணி தானே 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படம் எடுத்துவிட்டார். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய படம். எங்கள் அம்மா தலைமுறையில் அப்படிப் போன பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு.

"வீட்டிலிருந்தே எழுதலாமே!"

போன வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போனது. காபி குடித்து முடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"பொண்ணு கதை எழுதுறது எங்களுக்குப் பெருமைதான். கல்யாணத்துக்கு அப்புறமும் தாராளமா எழுதட்டும். இந்த ரிப்போர்ட்டர் வேலைதான்... போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ராத்திரி நேரம்னு அலையணும். அது எதுக்கு? வீட்டுல இருந்தே எழுதலாமே!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்கிற தொனியில்தான் சொன்னார். நான் எதுவும் பேசவில்லை. ஆனால், அன்று ராத்திரி முழுக்க அந்த வார்த்தைதான் மனசில் ஓடியது. வீட்டிலிருந்தே எழுதலாமே!

எழுதலாம். ஆனால், எதை?

பூக்கார அக்கா என் வீட்டுக்கு வந்து கதை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் வாசலில் நான் நின்றதால் சொன்னார். எட்டரை மணிக்கு ஜவுளிக்கடை வாசலில் நின்றதால்தான் அந்தப் பெண்கள் பேசினார்கள். எட்டு வரியும் எட்டுப் பக்கமும் ஒன்பது நிமிஷமும் ஒரே இடத்தில்தான் பிறந்தன. வெளியே போய் நின்றதில்.

அப்போது எனக்குத் துணைக்கு வந்தவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்க்கும் மக்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதியவர். அதற்காக உப்பளத்துக்கே போய், அங்கே வேலை பார்ப்பவர்களோடு பேசி எழுதினார். தீப்பெட்டித் தொழிலில் வதைபட்ட பிள்ளைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். மீனவர்களைப் பற்றி எழுதக் கடற்கரைக்குப் போனார். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுத அங்கேயும் போனார். 1925ல் பிறந்த ஒரு பெண்! அவர் நிருபர் இல்லை. எந்தப் பத்திரிகையும் அவருக்கு அடையாள அட்டை கொடுக்கவில்லை. ஆனால், ஒரு நிருபரின் கால்கள் அவருக்கு இருந்தன.

அவருக்கும் முன்னால் வை.மு.கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதிலேயே கல்யாணம். எழுதப் பழகாத நாளில், தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்து முதல் நாடகத்தை உருவாக்கியவர். 1925லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். அவர் கதைகள் சினிமாவும் ஆயின. 1966ல் வந்த 'சித்தி' அவற்றில் ஒன்று. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். அந்தக் காலத்திலேயே மூன்று அறைகளிலும் விளக்கேற்றிவிட்டுத் தெருவிலும் இறங்கி நடந்த பெண்மணி அவர்.

காலையில் அப்பா கடைக்குக் கிளம்பும்போது கேட்டார், "என்னம்மா சொல்லட்டும்?" நான் மேலே எழுதியதையெல்லாம் சொல்லவில்லை. "வெளிய போகாம எனக்கு எழுத வராதுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரெடிமேட் கடைகள் வந்த பிறகு கடையில் முன்பு போல வருமானம் இல்லை. கண்ணிலும் புரை. கல்யாணம் முடிந்தால் அவருக்குப் பெரிய பாரம் இறங்கும். அது எனக்கும் தெரியும். "அந்த ராத்திரி பஸ்ஸுல வர்ற பிள்ளைகதான் நம்ம கடையில ஜாக்கெட் தைக்கக் குடுக்குதுக. பஸ்ஸ நிறுத்தவும் அதுவும் குறைஞ்சுச்சு" என்றார். பிறகு போனை எடுத்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்று அவர்களிடம் சொன்னார். எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொக்கி வைத்துக்கொண்டே, "அந்த உப்பளக் கதை எங்க இருக்கு, குடு பாப்போம்" என்றாள்.

எழுத நினைப்பவர்களுக்கு

கல்லூரிப் பிள்ளைகள் சில பேர் என்னிடம் கேட்பார்கள், "அக்கா, நான் கதை எழுதுறதா, ஜர்னலிசம் படிக்கிறதா, சினிமாவுக்குப் போறதா?" மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரோ அவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்வது இதுதான். முதலில் ஏணியைத் தூக்கிப் பரணில் போடுங்கள். கையில் இருக்கிற விஷயத்தைப் பாருங்கள். யாராவது பதில் சொல்லியாக வேண்டிய விஷயமா? அதைச் செய்தியாக எழுதுங்கள். சுருக்கமாக, தேதியோடு, நம்பரோடு. யாரும் பதில் சொல்ல முடியாத விஷயமா? கதை அதற்காகத்தான் இருக்கிறது. நாளும் பொழுதும் எடுத்துக்கொண்டு அதனோடு உட்காருங்கள். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும் என்று தோன்றுகிறதா? போனிலேயே கேமரா இருக்கிறது.

சோற்றுக்கு ஒரு வேலை அவசியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரதி மொழிபெயர்த்தார், அசோகமித்திரன் பேப்பர் வெட்டினார். வேலை பார்க்கும் மேஜையிலிருந்தும் உலகம் தெரியும், நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் இருந்தால்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட வார்த்தையைக் கேட்டபடியே எழுதுங்கள். பூ முழம் என்ன விலை, ஆட்டோவுக்கு எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள். 'வறுமை' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. '50 ரூபாய் ஆட்டோ' என்று எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் வாழ்க்கையை எடுத்து எழுதுவதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியான பிறகு முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். விமர்சகர்கள் அப்புறம் வரட்டும்.

என் அடுத்த கதை பாதியில் நிற்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றியது. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அவர் கையில்தான் நகல் ஆகின்றன. நாளைக்கு ஒரு செய்திக்காக அந்தப் பக்கம் போக வேண்டும். அப்படியே அவர் கடையிலும் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று இன்னும் கேட்கவில்லை.